நாற்பத்து மூன்றாம் பக்கம்

ஜூன் 5, திங்கள்

நிகரியின் ஐந்தாம் பதிப்புக்காகக் கையேட்டைத் திருத்தும் வேலை இன்று என் மேசைக்கு வந்தது. மூன்று கட்டளைகள். மூன்றும் செயலியின், அதாவது பிராசசரின், மாதிரியைப் பற்றிக் கேள்வி கேட்பவை. கெடு ஜூன் 30.

பின்னால் எடுத்துப் படித்தால் எனக்கே புரியவேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறேன். நிகரி என்பது எங்கள் கம்பெனி விற்கும் மென்பொருள். ஒரே ஒரு நிஜக் கணினிக்குள் பத்துப் பதினைந்து கணினிகள் இருப்பதுபோல் நடத்திக் காட்டும். உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு செயலி இருப்பதாக நம்பிக்கொண்டு வேலை செய்யும். அந்தச் செயலிக்கு ஒரு மாதிரிப் பெயர் உண்டு. பெயருக்குப் பின்னால், அதற்கு என்னென்ன செய்யத் தெரியும் என்ற நீண்ட பட்டியல் உண்டு. 'விரி' என்று கட்டளையிட்டால் பட்டியல் முழுவதும் வரும். 'ஒப்பிடு' என்றால் இரண்டு மாதிரிகளும் ஒன்றா, எது பெரிது, எது சிறிது, அல்லது பொருந்தவே பொருந்தாதா என்று சொல்லும். 'பொது' என்றால் இரண்டு பக்கமும் ஓடக்கூடிய ஒரு மாதிரியைக் கொடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஓர் உள்கணினியை, நிறுத்தாமல், ஒரு நிஜக் கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவேண்டுமானால் முதலில் இவற்றைக் கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

நான்காம் பதிப்பின் தமிழ்க் கையேடும் என்னுடையதுதான். பதினெட்டு வருடம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள் நான். அதில் பக்கம் 43 எனக்கு மிகவும் பிடித்த பக்கம். மேலே விளக்கம், நடுவில் ஆறு படிகள், கீழே நான்கு பதில்களுக்கும் ஓர் அட்டவணை. அட்டவணையின் கடைசி வரி பக்கத்தின் அடியில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். ஓர் அட்டவணை இரண்டு பக்கத்தில் உடைந்து கிடப்பதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது.

குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்தது. எல்லாக் குடமும் நிரம்பியது.

ஜூன் 7, புதன்

நஸ்ரீனோடு ஒரு மணி நேரம். இந்தக் கட்டளைகளை எழுதிய பெண் அவள்தான். இருபத்தொன்பது வயது. கேட்டதற்கு மேல் இரண்டு பங்கு சொல்லுவாள்.

"அக்கா, ஒண்ணு மட்டும் மறந்துராதீங்க. மாதிரிப் பேரு ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கலாம். ஆனா பழைய பதிப்புல அந்தப் பேருக்கு ஒரு லிஸ்ட், புதுப் பதிப்புல வேற லிஸ்ட். ரெண்டு பக்கமும் ஒரே பதிப்பு, ஒரே செட்டிங்ஸ் இருந்தாத்தான் ஒப்பிடுற பதிலுக்கு மதிப்பு. இல்லாட்டி 'ஒன்றே'ன்னு சொல்லிட்டுப் போயிரும், நாம நம்பிருவோம்."

குறித்துக்கொண்டேன்.

"இது போன மேனுவல்லயே இருக்குமில்லக்கா?"

இருக்கும் என்றேன்.

ஜூன் 9, வெள்ளி

மேனேஜர் மோகனசுந்தரம் ஒரு செய்தியோடு வந்தார். ஈரோட்டில் ஒரு கண் மருத்துவமனை நம் வாடிக்கையாளர். மே 28, ஞாயிற்றுக்கிழமை, அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு உள்கணினிகளை மாற்றியிருக்கிறார். மாறியது. திங்கள் காலை எட்டரை மணிக்கு எல்லாம் உறைந்து நின்றது. நோயாளிகளின் அளவுகள், ஸ்கேன்கள், எந்தக் கண்ணுக்கு எந்த லென்ஸ் என்ற விவரம், எதுவும் திறக்கவில்லை. சொட்டுமருந்து போட்டு வெறும் வயிற்றில் உட்கார்ந்திருந்த முப்பத்தோரு பேரை அறுவை சிகிச்சை செய்யாமல் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

பழையதில் நிகரி மூன்று, புதியதில் நிகரி நான்கு. நம் உதவிப் பிரிவு 'வாடிக்கையாளர் பிழை' என்று எழுதிப் புகாரை மூடிவிட்டது.

"புது மேனுவல்ல செவப்பு கட்டம் கட்டிப் போடுங்க மேடம். படிக்காம செய்யறவங்களுக்குக் கண்ணுல குத்தற மாதிரி."

சரி என்றேன். சிவப்புக் கட்டம் எனக்குப் பிடிக்காது. பக்கத்தைக் கெடுக்கும்.

ஜூன் 12, திங்கள்

கிரைண்டர் பெல்ட் அறுந்தது. பக்கத்து வீட்டில் மாவு வாங்கினேன்.

ஜூன் 13, செவ்வாய்

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் 'இந்த ஆவணத்தைப் பற்றிய கருத்துகளுக்கு: தவமணி' என்று என் கைபேசி எண் இருக்கிறது. கையேடு வெளியானதிலிருந்து அதற்கு மூன்று பேர் அழைத்திருக்கிறார்கள், ஒருவர் தவறான எண். இன்று நான்காமவர்.

"வணக்கமுங்க. நானு ஈரோட்டுல இருந்து செங்கோட்டுவேல் பேசறனுங்க. கண்ணாசுபத்திரி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

தெரியும் என்றேன்.

"என்னைய சஸ்பெண்டு பண்ணீட்டாங்க. முப்பதாந் தேதி விசாரணைங்க. நானு உங்களைக் குத்தஞ் சொல்லக் கூப்புடலீங்க. ஒரே ஒரு சந்தேகம். நாப்பத்தி மூணாம் பக்கத்துல போட்டபடியேதான் செஞ்சனுங்க. 'ஒன்றே'ன்னு பதில் வந்துச்சு. 'ஒன்றே'ன்னா மாத்தலாம்னு அட்டவணைல இருக்குது. பதிப்பு வேற வேறயா இருந்தா நம்பக்கூடாதுன்னு எங்கியாச்சும் போட்டிருக்கீங்களா? நானு நாலு தடவை தேடிப்போட்டேன். அந்தப் பக்க நெம்பரை மட்டுஞ் சொல்லீட்டீங்கன்னா, படிக்காம செஞ்சது எந் தப்புதான்னு ஒத்துக்கிட்டுப் போயிர்றனுங்க. பதினொரு வருசம் வேலை பாத்த எடம். எதுக்குப் போறேன்னு தெரிஞ்சுட்டுப் போகோணுமில்லீங்களா?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். குரலில் கோபம் இல்லாத ஆள். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்ல எளிதாக இருந்திருக்கும்.

ஜூன் 14, புதன்

கையேட்டை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். அந்த வரி எங்கும் இல்லை.

ஆனால் நான் எழுதினேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. 'இரு பக்கமும் நிகரி ஒரே பதிப்பாகவும் ஒரே அமைப்பிலும் இருந்தால் மட்டுமே இந்தப் பதிலை நம்பவும்.' முதல் வரைவில் இருந்தது. மோகனசுந்தரம் எடுத்திருப்பார். 'படிக்கறவங்களைப் பயமுறுத்தாதீங்க மேடம்' என்பது அவர் வாய்ப்பாடு.

யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற பதிவு எங்கள் சர்வரில் இருக்கிறது. இன்று திறக்கவில்லை, இணையம் மெதுவாக இருந்தது.

ஜூன் 16, வெள்ளி

செங்கோட்டுவேல் அழைத்ததையும், முதல் வரைவில் இருந்த வரி கையேட்டில் இல்லாததையும் நஸ்ரீனிடம் சொன்னேன். அவளும் நானும் சோதனை அறையில் இரண்டு சர்வர்களை வைத்துச் செய்து பார்த்தோம். ஒன்றில் நிகரி மூன்று, ஒன்றில் நான்கு. பக்கம் 43-ஐ நான் சத்தமாக வாசிக்க, அவள் தட்டினாள். ஆறாம் படியில் 'ஒன்றே' என்று வந்தது. மாற்றினோம். உள்கணினி ஓடியது. இருபது நிமிடம் வேலை கொடுத்த பிறகு நின்றது. திரையில் கடிகாரம் 11:42-லேயே இருந்தது.

"அய்யோ," என்றாள் நஸ்ரீன். "அக்கா, அந்த மனுசன் சொன்னது நெசந்தான். புக்குல சொன்ன மாதிரியேதான் செஞ்சிருக்கார். யாருக்கா அந்த லைனை எடுத்தது?"

தெரியவில்லை என்றேன். இதை எழுதும்போது யோசித்துப் பார்த்தால், அது பொய் இல்லை. இன்னும் திறக்கவில்லையே.

ஜூன் 19, திங்கள்

சோதனை முடிவை மோகனசுந்தரத்திடம் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார்.

"வரியைச் சேர்த்துருங்க. மாற்றப் பட்டியல்ல 'சிறு மொழித் திருத்தங்கள்'னு போட்டுருங்க. போதும்."

மாற்றப் பட்டியல் என்பது கையேட்டின் கடைசி இணைப்பு. எந்தத் தேதியில், எந்தப் பக்கத்தில், யார், எதை, ஏன் மாற்றினார்கள் என்று வரிசையாக இருக்கும். யாரும் படிப்பதில்லை. ஆனால் ஒரு வரி வெளியானால் எல்லா வாடிக்கையாளர் திரைக்கும் தானாகப் போய்ச் சேரும், பிறகு அழிக்க முடியாது. இந்தத் தொழிலில் அது ஒன்றுதான் கறார்.

"சார், போன வருசம் அந்த வரியை நீங்க எடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"நானா? உங்க பக்கத்துல நான் எப்பவாவது கை வெச்சிருக்கனா மேடம்? கமா கூட எடுத்ததில்லை. நீங்க சண்டைக்கு வருவீங்களே."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜூன் 20, செவ்வாய்

விடுப்பு. சமையலறை அலமாரி நான்கு தட்டும் இறக்கித் துடைத்தேன். டப்பாக்களை உயரப்படி அடுக்கினேன். மாலையில் வீட்டுக்காரர் கடையிலிருந்து கிரைண்டர் பெல்ட் கொண்டுவந்தார். அவர் கடையே கிரைண்டர் உதிரிபாகக் கடைதான், இருந்தும் எட்டு நாள் ஆனது.

"அந்த ஈரோட்டு ஆளு யாரு?" என்று கேட்டார். "உன் போன்ல 'ஈரோடு'ன்னு வந்து அடிச்சுட்டே இருந்துச்சு. நானும் எடுக்கலை. மூணு தடவை."

ஆபீஸ் விஷயம் என்றேன். நேற்று இரண்டு தடவை அடித்ததை அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 21, புதன்

அவரே வந்துவிட்டார். காலை பத்தரைக்கு வரவேற்பறையிலிருந்து அழைத்தார்கள். முப்பத்தெட்டு வயது இருக்கலாம். இஸ்திரி போட்ட சட்டை, மடியில் மஞ்சள் பை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கோணுமுங்க. நீங்க போன்ல கெடைக்கலீங்க. பஸ் ஏறீட்டேன்."

எதிரே உள்ள டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். உள்ளே பேச எனக்கு விருப்பமில்லை. பையிலிருந்து கையேட்டை எடுத்தார். அட்டை போட்டிருந்தார், பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவதுபோல் பழுப்புத் தாளில். பக்கம் 43-ஐ விரித்து என் முன்னால் வைத்தார். ஆறு படிகளுக்கும் பக்கத்தில் பென்சிலில் டிக். ஒவ்வொரு டிக்குக்கும் பக்கத்தில் நேரம். 10:05, 10:11, 10:20.

"எங்கூட்ல புள்ள கணக்குப் போடறப்ப இப்படித்தான் டிக் போடும். அதைப் பாத்துப் பழகிப்போட்டனுங்க."

அட்டவணையில் 'ஒன்றே' என்ற வரிக்கு அடியில் லேசாகக் கோடு இழுத்திருந்தார். ஸ்கேல் வைத்து.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இங்கிலீசு புத்தகம் ரெண்டு வருசமா இருந்துச்சுங்க. பயந்துட்டுத் தொடவேயில்லை. உங்க புத்தகம் வந்தப்பறந்தான் நானே செஞ்சு பாக்கலாம்னு தைரியம் வந்துச்சு. படிச்சா அப்படியே புரியுதுங்க. இந்தப் பக்கம் பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்குது."

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்கிறேன் என்றேன்.

"அன்னைக்கு வந்தவங்கள்ல ஒரு பாட்டையா, அந்தியூர்ல இருந்து. ரெண்டு பஸ் மாறி வந்தவரு. கண்ணு தெரியாம என்ற கையைப் புடிச்சுட்டு, 'எப்பங்க தம்பி செய்வீங்க'ன்னு கேட்டாரு. நானு டாக்டர்னு நெனச்சுட்டாரு." சொல்லிவிட்டுக் கையேட்டைப் பையில் வைத்தார். டீக்குக் காசு கொடுக்க என்னை விடவில்லை.

ஜூன் 23, வெள்ளி

திறந்தேன்.

சென்ற ஆண்டு நவம்பர் 17, மாலை 4:50. பக்கம் 43. ஒரு வாக்கியம் நீக்கம். நீக்கியவர்: தவமணி. காரணம்: பக்க ஒழுங்கு.

இரண்டே சொல். இப்போது எல்லாம் ஞாபகம் வருகிறது. அந்த வரியால் அட்டவணையின் கடைசி வரி பக்கம் 44-க்குத் தள்ளிப்போயிற்று. எழுத்தளவைக் குறைத்தேன், சரிவரவில்லை. இடைவெளியைக் குறைத்தேன், அசிங்கமாக இருந்தது. இந்த எச்சரிக்கையை முன்னுரையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து எடுத்தேன். அட்டவணை வந்து உட்கார்ந்தது. மேசையை விட்டு எழுந்து நின்று தூரத்திலிருந்து பார்த்தேன். முன்னுரையில் சேர்க்கவில்லை.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. மோகனசுந்தரத்தின் பெயரைப் பதினான்காம் தேதி இதில் எழுதியிருக்கிறேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.

செங்கோட்டுவேலுக்கு இன்று பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். சொல்லவில்லை.

ஜூன் 26, திங்கள்

மோகனசுந்தரத்திடம் பதிவை அச்செடுத்துக் காட்டினேன். படித்தார், கதவைச் சாத்தினார்.

"யாரும் கேக்கலையே மேடம். ஏன் நீங்களா போய்த் தலையைக் கொடுக்கறீங்க?"

"ஒருத்தர் கேட்டுட்டுத்தான் இருக்கார் சார்."

"அவருக்காகப் பாவப்படறீங்க. எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா கம்பெனி 'வாடிக்கையாளர் பிழை'ன்னு எழுத்துல குடுத்தாச்சு. இப்ப நம்ம பிழைன்னு நாமளே போட்டா, அந்த ஆஸ்பத்திரி நம்ம மேல கேஸ் போடும். நீங்க கான்ட்ராக்ட்ல இருக்கீங்க. ஜூலையோட முடியுது. புதுப்பிக்க நான்தான் கையெழுத்துப் போடணும். அதையும் சொல்லிடறேன்."

அவர் மோசமானவர் இல்லை. எனக்குத் தீபாவளிக்கு முன்பணம் வாங்கிக் கொடுத்தவர். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 28, புதன்

மாற்றப் பட்டியலுக்கு இரண்டு வரிகளை எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் 'சிறு மொழித் திருத்தங்கள்.' இன்னொன்று நீளம்.

வீட்டுக்காரரிடம் முழுதும் சொன்னேன். இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டார்.

"அந்தாளுக்கு வேலை போனா வேற கிடைக்குமா?"

"தப்புப் பண்ணி வெளிய போனவர்னு பேரோட? கஷ்டம்."

"உனக்கு?"

"ஐம்பத்தொண்ணு வயசு எனக்கு. எனக்கும் கஷ்டம்தான்."

"கடைல பில்லுப் போட ஆளில்லை," என்றார். "நீ வந்தா பில்லுல எழுத்துப்பிழை இருக்காது." அவருக்கு இதற்கு மேல் ஆறுதல் சொல்லத் தெரியாது. எனக்கு அழுகை வந்தது.

ஜூன் 29, வியாழன்

பதினொரு மணிக்குத் திருத்திய கையேட்டை வெளியிட்டேன். மாற்றப் பட்டியலில் நான் எழுதிய வரி இது:

'ஜூன் 29. பக்கம் 43. தவமணி. இந்தப் பக்கத்தில் இருந்த ஓர் எச்சரிக்கையைச் சென்ற ஆண்டு நவம்பர் 17 அன்று நான் நீக்கினேன். காரணம்: பக்க ஒழுங்கு. நீக்கியது தவறு. எச்சரிக்கை இல்லாத பக்கத்தின்படி படிகளைச் செய்து பாதிப்பு ஏற்பட்டிருந்தால், செய்தவர் கையேட்டை மீறவில்லை. எச்சரிக்கை மீண்டும் சேர்க்கப்படுகிறது.'

அட்டவணையின் கடைசி வரி, 'ஒன்றே' என்ற வரி, பக்கம் 44-க்குப் போய்விட்டது. அப்படியே விட்டேன்.

செங்கோட்டுவேலுக்கு அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். நீங்கள் கேட்ட பக்க எண் கிடையாது, அந்த வரியை எடுத்தது நான்தான் என்று சொன்னேன். மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"ஏனுங்க எடுத்தீங்க?" என்றார்.

சொன்னேன்.

"பக்கம் நல்லா இருக்கோணும்னா?"

"ஆமாங்க."

"முப்பத்தோரு பேருங்க," என்றார். இந்த முறை குரலில் கோபம் இருந்தது. பிறகு, "அந்த வரியை அச்செடுத்துக்கிறேன்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஜூன் 30, வெள்ளி

விசாரணை இன்று. போன் வரவில்லை.

ஜூலை 3, திங்கள்

காலையிலேயே கூப்பிட்டார்கள். மோகனசுந்தரமும் சென்னையிலிருந்து வந்த இரண்டு பேரும். நாற்பது நிமிடம். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. மாதக் கடைசிவரை அலுவலகம் வரத் தேவையில்லை. மடிக்கணினியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டேன். மோகனசுந்தரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. நஸ்ரீன் லிப்ட்வரை வந்து என் டிபன் பாக்ஸைக் கொடுத்தாள், மேசையிலேயே மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பிடித்து வைத்தேன்.

ஜூலை 5, புதன்

ஈரோட்டிலிருந்து குறுஞ்செய்தி. 'விசாரணைல உங்க வரியை சத்தமா படிக்கச் சொன்னாங்க. படிச்சேன். இன்னைக்கு வேலைக்கு வந்துட்டேன். செங்கோட்டுவேல்.'

நன்றி என்று இல்லை. இருக்கவும் வேண்டாம்.

ஜூலை 9, ஞாயிறு

கடையில் பில் புத்தகத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு போன்.

"செங்கோட்டுவேலுங்க. எல்லாத்தையும் பழைய சர்வருக்கே திருப்பி வெச்சிருந்தோமுங்க. இப்ப அதுலயும் நிகரி நாலு ஏத்தியாச்சு. இன்னைக்கு மறுபடியும் மாத்தப் போறனுங்க. நாளைக்கு அந்த முப்பத்தோரு பேருல மிச்சம் இருக்கறவங்க வர்றாங்க. கொஞ்சம் போன்லயே இருக்கீங்களா? நானு படிச்சுட்டே செய்யறேன்."

"நான் இப்ப அந்தக் கம்பெனில இல்லீங்க," என்றேன்.

"தெரியுமுங்க. உதவிப் பிரிவுல கேட்டேன், சொன்னாங்க. நானு கம்பெனியக் கூப்புடலீங்க. எழுதுனவங்களைக் கூப்புடறேன்."

வீட்டுக்காரர் விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வெளியே போனார். போனைக் காதில் வைத்து உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொரு படியாக வாசித்தார். தட்டும் சத்தம் கேட்டது, பிறகு பென்சில் சத்தம், பிறகு நேரத்தைச் சொன்னார். ஐந்து படிகள் முடிந்தன. ஆறாவதற்கு முன்னால் நிறுத்தினார்.

"இரு பக்கமும் நிகரி ஒரே பதிப்பாகவும் ஒரே அமைப்பிலும் இருந்தால் மட்டுமே இந்தப் பதிலை நம்பவும்," என்று வாசித்தார். எழுந்து போய் இரண்டு திரைகளையும் பார்த்துவிட்டு வந்தார். செருப்புச் சத்தம் போகவும் வரவும் கேட்டது. வந்து உட்கார்ந்து அதே வரியை மறுபடியும் வாசித்தார். ஆறாம் படியைத் தட்டினார்.

"'ஒன்றே'ன்னு வந்துருச்சு. டிக் போட்டுட்டனுங்க," என்றார். "பக்கத்தைத் திருப்பறேன். இருங்க."